சுகிர்தம் அக்காவின் கைப்பிடிக் கலயம்

வெறும் மண்கலயத்தில் ஒரு பிடி அரிசி விழுந்தால் 'சளார்' என்று கேட்கும். பாதி நிரம்பிய கலயத்தில் அதே பிடி விழுந்தால் 'சர்ர்' என்று அடங்கிப்போகும். கழுத்துவரை நிறைந்துவிட்டால் சத்தமே இருக்காது. அரிசிமேல் அரிசி போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். இந்த வித்தையை நான் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை, காதால் கேட்டுக் கற்றுக்கொண்டேன். திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தச் சுவரும் கூரையைத் தொடாமல் பாதியில் நின்றுவிட்ட சுவர். கட்டியவருக்குச் செங்கல் தீர்ந்துபோயிற்றோ, பொறுமை தீர்ந்துபோயிற்றோ, யார் கண்டது! இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள்; அந்தப் பக்கம் ரகசியம் பேசினால் இந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்லிவிடலாம். அந்தச் சுவருக்கு மேலாக, உலை கொதிக்கிற நேரமெல்லாம் எங்கள் அடுக்களைக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு பிடி அரிசியின் சத்தம்.

அரிசியைப் போட்டவர் சுகிர்தம் அக்கா. அறுபதுகள் பிறந்த சமயம், எனக்கு ஏழோ எட்டோ வயதிருக்கும்போது, அவர் கல்யாணமாகிப் பக்கத்து வீட்டுக்கு வந்தார். கணவர் சாமுவேல் அண்ணன் தோல் பதனிடுகிற ஷாப்பு ஒன்றில் கணக்குப்பிள்ளை. அவர் தெருமுனை திரும்புவதற்குள் ஆவாரம்பட்டை வாடை வந்து வீட்டுக் கதவைத் தட்டிவிடும். அக்கா கரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் உபதேசியாராக இருந்தவரின் மகள். ஒல்லியான உடம்பு, பெரிய கண், பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க'. வந்த அன்றைக்கே என் அம்மா சுவருக்கு இந்தப் பக்கமிருந்து "எந்தக் கோவிலுத்தா நீங்க?" என்று விசாரித்ததற்கு, அந்தப் பக்கமிருந்து, "நாங்க மெத்தடிஸ்ட்டுங்கக்கா" என்று பதில் வந்தது. சபைகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன என்றும், திண்டுக்கல்லில் அவர் போய்வந்த கோவிலுக்கு அந்தப் பெயரே கிடையாது என்றும் பின்னால் தெரிந்துகொண்டேன். அக்காவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. கட்டிக்கொடுத்த பிறகும் பிறந்த வீட்டுப் பெயரைச் சொல்லிக்கொள்கிற பெண்ணைப்போல, கடைசிவரை மெத்தடிஸ்ட்டாகவே இருந்தார்.

எங்கள் வீடு கத்தோலிக்க வீடு. தெருவில் பாதிக்குமேல் எங்களவர்கள்தான். அந்தக் காலத்தில் எங்கள் பெரியவர்கள் மற்ற கிறிஸ்தவர்களை 'பதிதர்' என்றுதான் சொல்வார்கள். அவர்கள் கோவிலுக்குள் கால் வைப்பது பாவம், அவர்கள் கோவிலுக்குக் காசோ பண்டமோ கொடுப்பது அதைவிடப் பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் 'பதிதர்' என்றால் ஏதோ கொம்பு முளைத்தவர்கள் என்று நினைத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமே ஒருவர் வந்து குடியேறினால் சும்மா இருக்க முடியுமா? பள்ளிக்கூடம் விட்டால் நேரே அங்கேதான் போவேன். பார்ப்பதற்கு அவ்வளவு இருந்தது.

முதலில் என்னைத் திகைக்கவைத்தவை அந்த வீட்டுச் சுவர்கள். எங்கள் வீட்டில் மாதா, சூசையப்பர், அந்தோணியார், சம்மனசு என்று சுவரே தெரியாது. அவர் வீட்டில் ஒரு கடிகாரமும் ஒரு நாட்காட்டியும் மட்டும். "சாமி எங்கக்கா?" என்று கேட்டேன். "அவருக்கு எதுக்குக் கண்ணு படம்? இங்கதான இருக்காரு" என்றார். நான் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். அடுத்த நாள் சாயங்காலம் அவர் ஜெபம் செய்வதை ஒளிந்திருந்து பார்த்தேன். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கூடத்தில் கிடந்த பிரம்பு நாற்காலிக்கு முன்னால் முழந்தாளிட்டு, அதன் இருக்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதைப்போல மெள்ளப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அம்மா, அவுக நாக்காலியக் கும்புடுறாக" என்று சொன்னேன். அம்மா புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்; சிரிப்புச் சத்தம் சுவரைத் தாண்டிவிட, அந்தப் பக்கமிருந்து சுகிர்தம் அக்காவும் சிரித்தார். என் மானம் அன்றைக்கே போயிற்று.

இன்னொரு விநோதம் அவருடைய ஞாயிற்றுக்கிழமை. அன்று அடுப்பு மூட்டமாட்டார், கடைக்குப் போகமாட்டார், தலைக்குப் பூக்கூட வாங்கமாட்டார். சனிக்கிழமையே குழம்பு வைத்து, சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவார். எங்கள் ஊரிலோ குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம், வருகிற நாளுக்காக அவரவர் விரல்விட்டு எண்ணிக் காத்திருந்த காலம் அது. அந்த நாள் ஞாயிறாக அமைந்துவிட்டால் அக்கா குடத்தைத் தொடமாட்டார். அம்மாதான் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு அவருடைய குடங்களையும் வரிசையில் வைத்துப் பிடித்துக்கொண்டு வருவாள். "பதிதவுகளுக்குத் தண்ணி பிடிச்சா பாவமில்லையாம்மா?" என்று ஞானோபதேசம் படித்த திமிரில் கேட்டேன். "தவிச்ச வாய்க்குத் தண்ணி கொண்டுபோறேன், இதுல என்னடி பாவம்? போயி செம்பை எடுத்துட்டு வா" என்றாள்.

எல்லாவற்றையும்விட என் ஆவலைக் கிளப்பியது வேறொன்று. அக்காவின் குடும்பத்தில் இறந்துபோனவர்களையெல்லாம் அவர்கள் கடைசியாகச் சொன்ன வார்த்தையோடுதான் நினைவு வைத்திருந்தார்கள். "எங்கம்மா போறப்ப, 'வாசக்கதவு தொறந்துதான் இருக்குது'ன்னாங்க கண்ணு. எங்க அப்பாரு, எங்கய்யனப் பெத்தவரு, 'போதுமுங்க'ன்னாரு. சின்னாத்தா ஒருத்தங்க பாட்டே பாடுனாங்களாமா." ஒருவர் சாகக்கிடந்தால் சுற்றியிருப்பவர்கள் அந்தக் கடைசிச் சொல்லுக்காகக் காத்திருப்பார்களாம், பிறகு அடக்கத்தின்போது அவர்கள் போதகரான ஐயர் அதைச் சபைக்கு எடுத்துச் சொல்வாராம், அதற்குப் பெயர் 'சாட்சி'. எங்களுக்கு இதெல்லாம் கிடையாது. சாகப்போகிறவருக்குச் சாமியார் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்து, நெற்றியில் எண்ணெய் தொட்டு, கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. அதற்குமேல் அவர் என்ன சொன்னார் என்று யாரும் மெனக்கெட்டுக் கேட்கமாட்டார்கள். எங்களுக்கு எண்ணெய், அவர்களுக்குச் சொல் என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, அப்பாவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். மண்டியிலிருந்து களைத்து வந்திருந்த அப்பா, "ஏ புள்ள, சாப்பிடுறப்பப் பேசுற பேச்சா இது?" என்றார்.

பிறகென்ன, அதுவே எங்களுக்கு விளையாட்டாகப் போயிற்று. நான் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு செத்துப்போவேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டே, "சொல்லுங்கம்மணி, கடைசியா என்ன சொல்லப்போறீங்க?" என்பார். "கமர்கட்டு" என்பேன் நான். விழுந்து விழுந்து சிரிப்பார். சிரிப்பு முடிவதற்குள் மூச்சு வாங்கும், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். "நீங்க என்னக்கா சொல்வீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "எங்கம்மா சொன்னாப்புல நல்லதா ஒண்ணு சொல்லோணும். எங்கய்யனுக்கு அதுல ஒரு சந்தோசம் இருக்கும் பாரு" என்றார். ஊரில் இருந்த தன் அப்பாவைத்தான் அப்படிச் சொன்னார். இருபத்துமூன்று வயதுப் பெண் இப்படிப் பேசுகிறாரே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பெரியவர்கள் எல்லோரும் எனக்கு ஒரே வயதுதான்.

இனி அந்தக் கலயத்துக்கு வருகிறேன். சோறாக்க அரிசி அளந்தவுடன், களைவதற்கு முன்பே, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துக் கோவிலுக்கென்று தனியே போட்டுவைப்பது அவர்கள் பெண்களின் வழக்கம். 'கைப்பிடி அரிசி' என்பார்கள். வீட்டில் பண்டமிருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தவறக்கூடாது. கூடுதலாகச் சமைத்துவிட்டுக் கொடுப்பதல்ல, தங்கள் வயிற்றுக்கு அளந்ததில் குறைத்துக்கொண்டு கொடுப்பது. வருஷத்தில் ஒருநாள் அறுப்பின் பண்டிகை. அன்று ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் கலயத்தைச் சுமந்துபோய், கோவிலில் பீடத்துக்கு முன்னால் விரித்திருக்கும் பாயில் எல்லோரும் பார்க்கக் கொட்டுவாளாம். அக்கா ஒவ்வொரு வருஷமும் தலை தளும்பக் கொண்டுபோவார். சில நாள் என்னைக் கூப்பிட்டு, என் கையால் அள்ளிப் போடச் சொல்வார். போட்டபிறகு, "உங் கையி சின்னது கண்ணு, ஆண்டவரு ஏமாந்துபோவாரு" என்று தன் கையாலும் கொஞ்சம் சேர்த்துப் போடுவார்.

நாலாவது வருஷம் அக்காவின் கால் வீங்கத் தொடங்கியது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று இருதயத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருந்ததாம். பிள்ளை பெறக்கூடாது, பளு தூக்கக்கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தாராம். அதனால்தான் அந்த வீட்டில் தொட்டில் கட்டப்படவில்லை என்பது எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. தெருவில் சிலபேர் அதுவரை என்னென்ன பேசியிருந்தார்களோ, எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டியதால் அக்கா படுப்பதையே விட்டுவிட்டார். பகலெல்லாம் தரையில் உட்கார்ந்து, அந்தப் பிரம்பு நாற்காலியின் இருக்கைமேல் தலையணை வைத்து, அதில் சாய்ந்துகொண்டிருப்பார். ஜெபம் செய்கிறாரா, மூச்சுக்குத் தவிக்கிறாரா என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

சமையல் அம்மாவின் தலையில் வந்தது. வந்தது என்ன, அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஏத்தா, ரெண்டு வீட்டுக்கும் ஒரு அடுப்பு எரிஞ்சாப் போதாதா? செத்த நேர வேலை. நீ பேசாம உக்காரு" என்று சொல்லி, அவர்கள் வீட்டு அரிசியை எங்கள் அடுக்களைக்குக் கொண்டுவந்துவிட்டாள். சாமுவேல் அண்ணனுக்குத் தூக்குச்சட்டி, அக்காவுக்கு உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத வெஞ்சனம் எல்லாம் அவள் கைதான். அப்போது அக்கா கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. "கைப்பிடி மட்டும் வுட்டுறாதீங்கக்கா. அறுப்பின் பண்டிகைக்குக் கலயம் கொறையா போகக்கூடாதுங்க." அம்மா அதற்கென்ன என்று தலையாட்டிவிட்டாள். "கலயம் இங்கனயே இருக்கட்டும். நான் அங்கிட்டு ஒரு டின்னுல எடுத்துவச்சு, ஒட்டுக்காக் கொண்டாந்து போடுறேன்" என்றாள்.

சொல்லும்போது நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், எங்கள் சாமியார் வழக்கம்போலப் பதிதர் சபைக்குத் துணைபோகிறவர்களைப் பற்றிப் பிரசங்கத்தில் ஒரு பிடி பிடித்தார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் பக்தி பயம் கலந்த பக்தி. தண்ணீர் பிடித்துக் கொடுக்கலாம், கஞ்சி காய்ச்சிக் கொடுக்கலாம், அதெல்லாம் மனுஷருக்கு மனுஷர் செய்வது; அவர்கள் பீடத்துக்கு முன்னால் கொட்டப்போகிற அரிசியை என் கையால் எடுத்துப் போடலாமா? கேட்டால் சாமியார் கூடாது என்றுதான் சொல்வார். ஆகவே அவரிடம் கேட்கவில்லை. போடமாட்டேன் என்று சொன்னால் அந்தப் பிள்ளையின் மனம் நோகும். ஆகவே அவளிடமும் சொல்லவில்லை. அம்மா தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். உலை வைக்கிற ஒவ்வொரு வேளையும் அக்கா வீட்டு அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து டின்னில் போட்டாள். செவ்வாய்க்கிழமைதோறும் அந்த டின்னை எடுத்துக்கொண்டு எங்கள் அந்தோணியார் கோவிலுக்குப் போய், ஏழைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிற அண்டாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

டின்னைச் சுமந்துபோனவள் நான்தான். "இது சுகிர்தக்கா கைப்பிடியில்லையாம்மா?" என்றேன். "பசிச்ச வயித்துக்குத்தானடி போகுது, அங்க போனா என்ன, இங்க போனா என்ன? வாய மூடிக்கிட்டு வா" என்றாள். அங்கே போனாலும் இங்கே போனாலும் ஒன்றுதான் என்றால் அங்கேயே போட்டுவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. அம்மாவின் நடை வேகத்தைப் பார்த்துக் கேட்காமல் விட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் சாய்ந்திருந்த அக்காவோ, எங்கள் அடுக்களையில் டின்னில் அரிசி விழுகிற 'டங்' என்ற சத்தத்தைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் பக்கத்தில் இருக்கும்போதே, அந்தச் சத்தம் வந்ததும் கண்ணைத் திறந்து, "உங்கம்மா கையி பெரிய கையி" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அழுகையாக வந்தது. கமர்கட்டு வாங்கப் போகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அவர் இறந்த காலை நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூச்சு மிகவும் மோசமாகி, சாமுவேல் அண்ணன் டாக்டரைக் கூப்பிட ஓடியிருந்தார். அம்மா கஞ்சித் தண்ணீரைக் கரண்டியில் ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், நான் விசிறிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் குடித்தபிறகு அக்கா போதும் என்று கையைக் காட்டிவிட்டு, அடுக்களைப் பக்கம் பார்த்தார். "கைப்பிடி எடுத்துட்டீங்களாக்கா?" என்றார். அம்மா கரண்டியைப் பிடித்தபடியே, "எடுத்துட்டேன் தாயி" என்றாள். அக்கா தலையை ஆட்டிவிட்டு, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, நாற்காலியில் முகத்தை வைத்துக்கொண்டார்.

ஜெபம் செய்கிறார் என்று நினைத்தோம். அவர் ஜெபத்தில் இருக்கும்போது பேசக்கூடாது என்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது; அம்மா உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள், நான் விசிறியையும் நிறுத்திவிட்டேன். கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சாமுவேல் அண்ணன் டாக்டரோடு உள்ளே நுழைந்தபோது நாங்கள் இரண்டுபேரும் அவரையும் 'உஸ்' என்று அடக்கினோம். டாக்டர்தான் போய் அக்காவின் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

மாசிலாமணி உபதேசியார், அக்காவின் அப்பா, கரூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. வெள்ளைத் தாடி, பழுப்பேறிய கோட்டு. மகளின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார். வாய்விட்டு அழவில்லை. பிறகு அங்கே கூடியிருந்த அவர்கள் சபைப் பெண்களைப் பார்த்துக் கேட்டார்: "கடைசீல புள்ள என்னங்க சொன்னா?" எல்லோரும் சாமுவேல் அண்ணனைப் பார்த்தார்கள், அவர் கையைப் பிசைந்துகொண்டு என் அம்மாவைப் பார்த்தார். வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த அம்மா, "ஒண்ணும் பெரிசாச் சொல்லலைங்கய்யா" என்றாள். "சொன்னதச் சொல்லுங்கம்மா" என்றார் உபதேசியார். "கைப்பிடி எடுத்துட்டீங்களாக்கான்னு கேட்டுச்சு." சபைப் பெண்களில் மூத்தவர் ஒருவர், "வேற? ஆண்டவர் நாமத்தச் சொல்லலையா?" என்று மனம் ஒப்பாமல் கேட்டார். அம்மா இல்லை என்று தலையசைத்தாள்.

உபதேசியார் அம்மாவை விடவில்லை. "நீங்க என்னங்கம்மா சொன்னீங்க?" என்றார். "எடுத்துட்டேன்னு சொன்னேங்கய்யா." அதைக் கேட்டதும் அந்த மனிதர் இடிந்து உட்கார்ந்து, "எம் புள்ள! சாகற நேரத்துலயும் ஆண்டவரு பங்க மறக்கலியே, எம் புள்ள!" என்று குழந்தைபோல அழத் தொடங்கினார். அன்று சாயங்காலம் கல்லறையில் ஐயர் அதையே சாட்சியாகச் சொன்னாராம். பதிதர் கல்லறைக்குள் போகக்கூடாது என்பதால் அம்மா மதிலுக்கு வெளியே, என் கையை நெரித்துப் பிடித்தபடி நின்றாள். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. "எடுத்தேன்தானடி? எடுத்தேன்தான?" என்று என்னைக் கேட்டாள். எடுத்தாய் அம்மா என்றேன். போட்டது எங்கே என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போகும்போது உபதேசியார், அறுப்பின் பண்டிகைக்குத் தானே வந்து அந்தக் கலயத்தைச் சபையில் கொட்டப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அம்மா அம்மாவாக இல்லை. சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். யாருமில்லாத நேரத்தில் பக்கத்து வீட்டுக்குப் போய், கலயத்தின் மூடியைத் திறந்து பார்த்து மூடிவிட்டு வருவாள். அது பாதியில்தான் நின்றது. அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்குப் போயி இம்புட்டு வேதனையா? நம்ம அரிசிய அள்ளிப்போட்டு ரொப்பிவிட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். "அந்தப் புள்ளைக்குத் தெரியும்" என்றாள் அம்மா. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. செத்தவர்களுக்காக, அவர்கள் பாவம் கழிகிற உத்தரிக்கிற ஸ்தலம்வரை போய் மன்றாடுகிற எங்கள் வேதத்தில், செத்தவரிடம் மாட்டிக்கொண்ட ஒருத்தியை நான் அப்போதுதான் பார்த்தேன்.

பண்டிகையன்று காலை உபதேசியார் வந்துவிட்டார். கலயத்தைத் தூக்கினார். தூக்கிய மாதிரியே நின்றார். எடை அவருக்குச் சொல்லிவிட்டது. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். சாமுவேல் அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா விறுவிறுவென்று அந்த வீட்டுக்குள் போய் அவர் முன்னால் நின்றாள். "ஐயா, நான் எடுத்தது நெசம். ஒரு வேளை தவறல. ஆனா இதுல போடல. எங்க வேதத்துல உங்க கோவிலுக்குப் போடக்கூடாதுன்னு பயந்துக்கிட்டு, அந்தோணியார் கோவிலு கஞ்சிக்குக் கொண்டுபோயிக் கொடுத்துப்புட்டேன். சாகப்போற புள்ளகிட்ட அதைச் சொல்லல. என்னை என்ன வேணாலும் பேசுங்க." ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

உபதேசியாரின் முகம் சிவந்தது. "செலைக்கா? எம் மக கைப்பிடியக் கொண்டுபோயி செலைக்கா வெச்சீங்க?" என்று அவர் போட்ட சத்தத்தில் நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வாழ்நாளெல்லாம் சிலை வணக்கத்தை எதிர்த்தே பிரசங்கம் செய்த மனிதர். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "செலை கஞ்சி குடிக்காதுங்கய்யா. கோவில் வாசல்ல கெடக்குறவுகதான் குடிச்சாக" என்றாள். அவள் எதிர்த்துப் பேசவில்லை, விவரத்தைத்தான் சொன்னாள். பெரியவர் அந்தப் பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்து, கலயத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு கேட்டார்: "இன்னிக்கிச் சோறாக்கிட்டீங்களாம்மா?" "இனிமேத்தாங்கய்யா." "அப்ப இன்னிக்கிக் கைப்பிடிய எடுத்தாந்து இதுல போடுங்க. அவகிட்டச் சொன்னது மெய்யாப் போவட்டும்."

அம்மா எங்கள் வீட்டுக்கு ஓடிப்போய், எங்கள் அரிசிப் பானையிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தாள். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். கலயத்துக்கு மேலே கையைக் கொண்டுபோய்த் திறந்தாள். 'சர்ர்' என்று கேட்டது. உபதேசியார் மூடியைப் போட்டு, கலயத்தைத் தூக்கி அம்மாவிடமே நீட்டி, "நீங்களே கொண்டாந்து கொட்டுங்க. அவ உங்களத்தான நம்பிக் கேட்டா" என்றார்.

அம்மா போனாள். நானும் பின்னால் போனேன். உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்காமல் விடுவேனா? ஒன்றும் இல்லை. பெஞ்சுகள், பூச்சட்டிகள், வாழைத்தார்கள், ஒரு பாய், பாயில் அரிசிக் குவியல். வாசலில் கால் வைத்ததும் அம்மா பழக்கதோஷத்தில், எங்கள் கோவிலில் விரல் நனைக்கிற தீர்த்தத் தொட்டியைத் தேடிவிட்டு, இல்லாததால் வெறும் விரலாலேயே பெரிதாக நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். பாடிக்கொண்டிருந்த சபையே திரும்பிப் பார்த்தது; பாட்டு ஒரு நொடி தடுமாறிப் பிறகு சேர்ந்துகொண்டது. நிறைந்த கலயங்களுக்கு நடுவே அந்தப் பாதிக் கலயத்தை அம்மா குனிந்து கொட்டினாள். கொட்டியது எது, முன்பே கிடந்தது எது என்று அடுத்த நொடியே அடையாளம் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை அம்மா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். வரிசையில் பின்னால் நின்றவர்களெல்லாம் முணுமுணுக்கிற அளவுக்கு நேரமெடுத்தாள். எதைப் பாவமென்று சொன்னாள், பதிதர் கோவிலுக்குள் போனதையா, சாகிறவளிடம் பாதியை மறைத்ததையா; சாமியார் என்ன அபராதம் கொடுத்தார்? நச்சரித்துப் பார்த்தேன், சொல்லவேயில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் அடுக்களையில் உலை வைக்கும்போதெல்லாம் இரண்டு பிடி எடுக்கப்பட்டது. ஒன்று செவ்வாய்க்கிழமைக்கு. மற்றது, சாமுவேல் அண்ணன் வேலையை விட்டு ஊரைவிட்டுப் போனபிறகும், வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பாய்க்கு.

சில வருஷங்களில் ரோமாபுரியில் ஏதோ பெரிய சங்கம் கூடி, 'பதிதர்' எல்லோரும் 'பிரிந்த சகோதரர்' ஆகிவிட்டார்கள்; இப்போது அந்த வார்த்தையைச் சொன்னால் என் பேரன் பேத்திகளுக்கு அர்த்தம் தெரியாது. நல்லது, தெரியவேண்டாம். போனமாதம் திண்டுக்கல் போனபோது அந்தத் தெருவைப் பார்த்தேன். பாதிச் சுவர் இருந்த இடத்தில் மாடி வீடு, இப்பக்கத்துச் சத்தம் அப்பக்கத்துக்குக் கேட்காது. அக்காவின் கோவிலில் கலயம் சுமப்பவர் யாருமில்லை. கைப்பேசியால் காசு அனுப்ப ஒரு கட்டம்போட்ட அட்டையை வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். குறை சொல்லவில்லை, காலம் அப்படி.

கடைசிச் சொல்லும் இப்போது இல்லை. அம்மா போனவருஷம் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். வாயில் குழாய், கையில் ஊசி, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாங்கள். உள்ளே விட்ட கொஞ்ச நேரத்தில் அவள் என்னைப் பார்த்துக் கண்ணை விரித்து, விரித்து எதையோ கேட்டாள். குழாய் போட்ட வாயிலிருந்து என்ன வரும்? எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அவள் காதில் குனிந்து, "எடுத்துட்டேம்மா, கைப்பிடி எடுத்துட்டேன்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கேட்டது அதுதானா என்று எனக்குத் தெரியாது. நர்ஸ் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டாள்.

நான் கைப்பிடி எடுத்து எத்தனையோ வருஷமாகிவிட்டிருந்தது. எங்கள் வீட்டில் குக்கருக்கு ஒரு டம்ளர், ஒன்றரை டம்ளர் என்று அளவு. அடக்கமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், அழுவதற்குக்கூட உட்காராமல், அடுக்களைக்குப் போய் அரிசி டிரம்மைத் திறந்து ஒரு பிடி அள்ளினேன். எதில் போடுவது? கலயத்துக்கு எங்கே போவேன்? கடைசியில், பரணில் கிடந்த ஓர் எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் துடைத்து, அதில் போட்டேன். எந்தக் கோவிலுக்கு என்று இன்னும் முடிவுசெய்யவில்லை. விழுந்தபோது, வெறும் பாத்திரத்தில் முதல் பிடி விழுகிற அதே சத்தம், வீடெல்லாம் கேட்டது.